சதீவா: விதைத்தது யார்?

வயலாய்வு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நேரத்துக்கு வயலுக்குப் போங்கள், தலைக்குத் தொப்பி போடுங்கள், ஈர வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். இதையெல்லாம் சொல்ல உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் லத்தீன் சொல். சிரிக்காதீர்கள். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உற்சாகம் தாங்காது. நான் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

நெல்லின் அறிவியல் பெயர் ஒரைசா சட்டைவா என்றுதான் கல்லூரியில் உருப்போட்டோம். பேராசிரியர் "சட்டைவா" என்றதும் பின்வரிசையிலிருந்து ஒருவன் "வேட்டி போ" என்றான். வகுப்பே சிரித்து ஓய அரை மணி நேரம் ஆனது. எனக்கும் அந்தப் பெயருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். பரீட்சையில் எழுதினேன், மார்க் வாங்கினேன், மறந்துபோனேன். விதைச் சான்று வேலைக்கு வந்து பல வருடம் வரை அதன் பொருள் என்ன என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சொல்லிக் கொடுத்தது என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியசாமி. என் வயதுதான் அவருக்கும். பாதிரியார் ஆவதற்காகச் சில வருடம் குருமடத்தில் படித்துவிட்டு, மனசு மாறி வேளாண்மைப் படிப்புக்கு வந்தவர். குருமடத்திலிருந்து கையோடு கொண்டுவந்தவை இரண்டு: லத்தீனும் பொறுமையும். என்னிடம் இரண்டும் கிடையாது. அதனாலோ என்னவோ எங்கள் இருவரையும் ஒரே ஜீப்பில்தான் எப்போதும் அனுப்புவார்கள்.

ஒரு நாள் மன்னார்குடியில் டீ குடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் ஒரு காய்கறித் தள்ளுவண்டி. ஆரோக்கியசாமி ஒரு வெள்ளரிக்காயை எடுத்தார்.

"மேடம், இதுக்கு சயின்டிபிக் நேம் என்ன?"

"குக்குமிஸ் சட்டைவஸ்."

"பூண்டு?"

"அல்லியம் சட்டைவம்."

"கொத்தமல்லி?"

"அதுவும் சட்டைவம். என்ன சார், காலங்காத்தால வைவா வைக்கிறீங்க?"

"எல்லாத்துக்கும் ஏன் ஒரே பேரு? அதுவும் ஏன் வால் மட்டும் மாறுது?"

எனக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனது. எத்தனை வருடம் எழுதியிருக்கிறேன்! ஒரு தடவையாவது இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டாமா?

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். லத்தீனில் 'செரெரே' என்றால் விதைத்தல். அதிலிருந்து 'சதுஸ்', விதைக்கப்பட்டது. அதிலிருந்து 'சதீவுஸ்', நாம் சட்டைவஸ் என்று உருப்போட்டதன் சரியான உச்சரிப்பு, அதாவது மனிதர் விதைத்து வளர்ப்பது. காட்டில் தானாக வருவது வேறு, கை விதைத்து வருவது வேறு. பின்னதற்குத்தான் இந்தப் பெயர். வால் மாறுவதற்குக் காரணம், லத்தீனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு. வெள்ளரி அங்கே ஆண்பால், அதனால் சதீவுஸ். பூண்டும் கொத்தமல்லியும் இரண்டிலும் சேராதவை, அதனால் சதீவும். நெல் பெண்பால், அதனால் சதீவா. விதைக்கப்பட்டவள்! தானாக முளைக்கும் காட்டு நெல்லுக்கு 'ஸ்பொன்தானேயா' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், தன் இஷ்டத்துக்கு வந்தவள்.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் சாம்பார் வைக்கவில்லை, சொற்பொழிவு வைத்தேன். மறுநாள் ஆரோக்கியசாமி இன்னும் இரண்டு போட்டார். நாம் 'குறுவை சீசன்' என்கிறோமே, அந்தச் சீசனும் விதைப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதானாம். செமினார் என்கிறோமே, அதன் மூலச் சொல்லுக்கு லத்தீனில் நாற்றங்கால் என்று பொருளாம். அடுத்த செமினாரில் என் பக்கத்தில் தூங்கி விழுந்தவரை எழுப்பி, "சார், இது நாற்றங்கால், தேங்கி நின்னா அழுகிடும்" என்றேன். அவர் பிறகு என் பக்கத்தில் உட்காரவே இல்லை.

சரி, இதெல்லாம் டீக்கடைச் சந்தோஷம். வேலைக்கு இது எப்படி உதவியது என்பதற்கு வருகிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். செல்வராணி என்று ஒருவர் அங்கே தாளடிப் பட்டத்தில், அதாவது குறுவை அறுத்த அதே வயலில் அடுத்து நடும் பயிரில், விதைப்பண்ணை போட்டிருந்தார். அவருடைய அப்பா அம்மா காலமெல்லாம் பிறர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். குத்தகைக்கு நிலம் எடுத்த முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் இவர்தான். நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். இந்தப் பயிர் விதையாகத் தேறினால் நிலத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். விதைக்காக வளர்க்கும் பயிரில் வேற்று ரகம் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கலவன் அளவுக்கு மேல் போனால் வயலைத் தள்ள வேண்டும். தள்ளிய வயலின் நெல் சாப்பாட்டுக்குப் போகும், விதைக்குப் போகாது. கண்ணை மூடிக்கொண்டு தேற்றினாலோ, கலப்பு விதை ஊர் ஊராகப் போய் அடுத்த வருடம் எத்தனையோ பேர் வயலில் முளைத்து நிற்கும். இரண்டு பக்கமும் இடி.

நாங்கள் போன அன்று வானம் மூடிக்கொண்டிருந்தது. கடலில் தாழ்வு நிலை, காற்றும் மழையும் வரும் என்று எல்லோர் போனிலும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் ஏறி வயலைப் பார்த்தேன். பயிர் அப்போதுதான் கதிர் விட ஆரம்பித்திருந்தது. வயலெல்லாம் பச்சை. அதற்கு நடுவே அங்கங்கே முன்கூட்டியே கதிர் விட்டு, மணி பிடித்து, வெளுத்துத் தலை சாய்ந்து நின்றன வேறு பயிர்கள். எண்ணிப் பார்க்கவே தேவையில்லை, கண்ணுக்கே அளவு மீறித் தெரிந்தது.

வரப்பில் ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்து நின்றார். "நான் அப்பவே சொன்னேன் மேடம். பொம்பள கை வச்சு விதைச்சா இப்படித்தான் போவும்" என்றார்.

இது உங்களில் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இந்தப் பக்கம் விதை தெளிப்பது ஆண்கள் வேலை என்று வைத்திருக்கிறார்கள். நடுவது, களை எடுப்பது, முதுகு ஒடிவது எல்லாம் பெண்கள். செல்வராணியோ, நாற்றைத் தட்டில் பாய்போல வளர்க்கும் முறையில், தட்டு தட்டாக மண் நிரப்பி, தானே விதை தெளித்து, நடவு மிஷின் வைத்து நட்டிருந்தார். ஊரில் அது ஒரு பேச்சாகவே ஆகியிருந்தது. இப்போது வயல் தள்ளப்பட்டால் நிலம் போவது மட்டுமல்ல, அந்தப் பேச்சு ஊர்த் தீர்ப்பாகவே ஆகிவிடும். எனக்கு அந்த ஆளின் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் கோபம் வந்தால் கலவன் குறைந்துவிடுமா?

மேலதிகாரி போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். "கலவன் இருக்குல்ல மேடம்? தள்ளிட்டுக் கிளம்புங்க. மழையில மாட்டிக்காதீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் அநேகமாக அந்த முடிவுக்கே வந்திருந்தேன்.

செல்வராணி எங்கள் முன்னால் வந்து நின்றார். அழவில்லை.

"மேடம், நாத்து விட்டது நான்தான். ஒவ்வொரு தட்டா என் கையாலதான் தெளிச்சேன். ஆனா இந்த வெளுத்த கதிர நான் விதைக்கல. சத்தியமா இது நான் விதைச்சது இல்ல மேடம்."

திரும்பி ஆரோக்கியசாமியைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன் மேடம். இது சதீவா இல்லங்குறாங்க."

அதுவரை நான் 'கலவன் எவ்வளவு' என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் கேட்கச் சொல்வதோ வேறு கேள்வி: விதைத்தது யார்? வாங்கிய விதையிலேயே கலப்பு இருந்து, செல்வராணி அதைத் தட்டில் தெளித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, வயலைத் தள்ளத்தான் வேண்டும். முன்னே குறுவையில் போட்டிருந்த வேறு ரகத்து நெல் அறுப்பில் உதிர்ந்து, தானாக முளைத்து வந்திருந்தால் கதை வேறு. அது வந்தேறிய பயிர். அகற்றிவிட்டால் வயல் சுத்தம். அப்படி அகற்றிக் காட்ட ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று நம் விதியிலேயே இடம் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆரோக்கியசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கிக் குந்தினார். நானும் இறங்கினேன். பயிரின் காலடியைப் பார்த்ததும் கத்தியே விட்டேன்.

"சார்! நடு இடைவெளியில நிக்குது சார்!"

மிஷின் நட்ட வயல் அல்லவா? குத்துகள், அதாவது ஒரே இடத்தில் சேர்த்து ஊன்றிய நாற்றுக் கொத்துகள், எல்லாம் நூல் பிடித்தாற்போல வரிசையில் நின்றன. தட்டில் விதைத்தது எதுவானாலும் அந்த வரிசைக்குள்தான் நிற்க வேண்டும். வெளுத்த கதிர்களோ வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில், நடந்து போகும் இடத்தில் நின்றன. மிஷின் அங்கே நடாது. செல்வராணியும் அங்கே நடவில்லை. தானாக வந்தவை அவை. நான் சேறும் சகதியுமாக நின்றுகொண்டு, லாட்டரி விழுந்த ஆள் மாதிரி சிரித்தேன்.

"அவசரப்படாதீங்க மேடம்" என்றார் ஆரோக்கியசாமி. வரப்போரத்துக்குப் போயிருந்தார். "இங்க வந்து பாருங்க. இது வரிசையிலேயே நிக்குது."

போய்ப் பார்த்தேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஓரத்தில் வெளுத்த குத்துகள் வரிசைக்குள்ளேயே நின்றன. ஒன்றிரண்டு இல்லை, ஏராளம். அப்படியானால் தட்டிலேயே கலந்திருந்ததா? நான் செல்வராணியை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி நடு வயலுக்கு நடந்தேன். அங்கே வரிசைக்குள் தேடினேன், ஒன்று கூட இல்லை. எதிர் ஓரத்துக்குப் போனேன், மறுபடி இருந்தன. விதையிலேயே கலப்பு என்றால் வயல் முழுக்கத்தானே சிதறியிருக்கும்? ஓரத்தில் மட்டும் ஏன்? இன்னொன்றும் கவனித்தேன். ஓரத்தில் நின்ற வெளுத்த குத்தில் எல்லாத் தாளும் வெளுத்தவையே. தட்டு நாற்றில் கலந்திருந்தால் ஒரே குத்தில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தல்லவா நிற்க வேண்டும்?

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நடவு மிஷின் வரப்போரத்தில் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் அது நடாது. அந்த ஓரத்தைக் கையால்தான் நடுவார்கள்.

"செல்வராணி, மிஷின் திரும்புற ஓரத்த நட்டது யாரு?"

"எங்க அக்காவும் இன்னும் ரெண்டு பேரும் மேடம். மிஷின் போய் ரொம்ப நாள் கழிச்சுதான் நட்டாங்க. நான் அன்னைக்கு இங்க இல்ல. வாய்க்கால்ல தண்ணி திருப்புறதுக்குச் சண்ட போடப் போயிருந்தேன்."

அக்காவும் வரப்பில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"தட்டு நாத்து தீந்துபோச்சு மேடம். ஓரம் சொட்டையா கெடந்துச்சு. நடுவுல தானா மொளைச்சது நல்லா திடமா இருந்துச்சு. அதப் புடுங்கி ஓரத்துல வச்சோம். நெல்லுதானே மேடம்? ஏன், தப்பா?"

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, திட்டவும் தோன்றியது. பாருங்கள், இது நட்டுப் பழகிய கைகள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. வயலில் சொட்டை கிடந்தால் அந்தக் கைகளுக்குப் பொறுக்காது. எட்டிய நாற்றைப் பிடுங்கி நிரப்பிவிட்டுத்தான் கரையேறும். சாப்பாட்டு நெல்லுக்கு அது நல்ல வேலை. விதைப்பண்ணைக்கு அது வினை. செல்வராணி அக்காவைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இனி முடிவு என்னுடையது. நான் நினைத்தது தப்பாக இருந்தால் கலப்பு விதை என் கையால் ஊருக்குப் போகும். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நடு வயலில் இன்னும் சில இடங்களில் ஆரோக்கியசாமியும் நானும் தனித்தனியாகப் பார்த்தோம். வரிசைக்குள் ஒன்றுமே இல்லை. போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டேன். "தள்ளல சார். மறு ஆய்வு குடுக்குறேன். பொறுப்பு என்னுது" என்றேன். அவர், "மழை வந்தா எல்லாம் சாஞ்சிடும். அப்புறம் எதை வச்சுப் பிரிப்பீங்க?" என்றார். நியாயமான கேள்வி. காற்று எழுவதற்குள் முடிக்க வேண்டும்.

செல்வராணியிடம் சொன்னேன். "இடைவெளியில இருக்குறத ஒண்ணு விடாம வேரோட புடுங்கணும். கையால நட்ட ஓரம் சுத்தி முழுசும் அறுத்துடணும். பச்சக் கதிரு, வெளுத்த கதிருன்னு பாக்கக் கூடாது. மொத்தமும்."

"நல்லதும் போயிடுமே மேடம்."

"போயிடும். கை நட்ட எடத்துல பிந்தி மொளைச்ச வந்தேறியும் இன்னும் பச்சையா நிக்கலாம், எது நல்லதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

கதிர் விடும் பயிரை அறுக்கச் சொல்வது சாதாரணமா? அவர் ஓரத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, "அக்கா, அருவாள எடுத்துட்டு வா" என்றார். அக்கா ஓடினார். இன்னும் சில பெண்கள் வந்து இறங்கினார்கள். நாங்கள் கிளம்பும்போது முதல் காற்று அடித்தது. அறுத்துப் போட்ட பச்சையை வாரிக்கொண்டு போனவர் யார் தெரியுமா? பொம்பளை கை என்று சொன்னாரே, அவர்தான். அவருடைய மாடு நன்றாகத் தின்றிருக்கும்.

மழை வந்தது, விட்டது. மறு ஆய்வுக்குப் போகும் வழியெல்லாம் ஜீப்பில் நான் வாயே திறக்கவில்லை. ஆரோக்கியசாமி அதற்கே பயந்துபோனார். போய்ப் பார்த்தால் வயலைச் சுற்றி முடி வெட்டினாற்போல வெறும் தாள் கட்டை, உள்ளே சாயாமல், ஒரே உயரத்தில் ஒரே நிறத்தில் கதிர். குறுக்கும் நெடுக்கும் நடந்தோம். தேடித் தேடிப் பார்த்தோம். வந்தேறி ஒன்று கூட இல்லை. எனக்கு வரப்பிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. பதவிக்கு மரியாதை கொடுத்து, ஜீப்புக்குப் பின்னால் போய்க் குதித்தேன்.

அறுவடையான பிறகு நடந்த சோதனையிலும் விதை தேறியது. மூட்டைகளுக்குச் சான்று அட்டை கட்டி சீல் வைக்க நாங்கள் இருவரும் போனோம். சிங்கப்பூர்க்காரர் நிலத்தை இவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டிருந்தார். செல்வராணி எங்களுக்கு டீ கொடுத்தார். அந்த உற்சாகத்தில் நான் சும்மா இருப்பேனா? லத்தீன் கதையை முழுசாக எடுத்துவிட்டேன். வெள்ளரி ஆண்பால், நெல் பெண்பால், விதைக்கப்பட்டவள், எல்லாம். அக்காவும் மூட்டை தூக்க வந்தவர்களும் கூடி நின்று கேட்டார்கள்.

செல்வராணி ஆரோக்கியசாமியிடம் திரும்பினார். "சார், விதைச்ச நெல்லுக்குப் பேரு இருக்கு. வெதைக்கிற ஆளுக்கு என்னா பேரு?"

"சதோர்னு சொல்லுவாங்கம்மா. விதைக்கிறவன்."

"அது ஆம்பளைக்கு. பொம்பளைக்கு?"

ஆரோக்கியசாமி மாட்டிக்கொண்டார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணை மூடி யோசித்தார். நெல்லையே பெண்பாலாக்கிய மொழியில் விதைக்கிறவளுக்கு ஒரு சொல் இருக்காதா என்று நானும் காத்திருந்தேன்.

"இலக்கண விதிப்படி மாத்தினா சத்ரிக்ஸ்னு வரணும்மா. ஆனா நான் படிச்ச எதுலயும் அப்படி ஒரு வார்த்தை வந்து நான் பாத்ததில்ல" என்றார், ஏதோ தானே தப்புச் செய்தவர் போல.

செல்வராணி அடுக்கியிருந்த மூட்டைகளின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"வார்த்த இல்லாட்டி என்னா சார்? நான் இருக்கேன்ல."